சீன மெருகும் ஜப்பானியப் பீங்கான் கிண்ணமும்

ஜப்பானியக் குயவர்கள் கையால் வனைந்து, பழைய சீன மெருகு முறைகளைப் பின்பற்றிச் சுட்டெடுக்கும் பீங்கான் கிண்ணங்கள் கைவினைக் கலையில் தனி வகையாக மதிக்கப்படுகின்றன. தேநீரும் சாக்கே என்னும் அரிசி மதுவும் பருகப் பயன்படும் இக்கிண்ணங்களின் வடிவம் எளிமையானது. இவற்றுக்கு மதிப்பைத் தருவது மேலே படிந்திருக்கும் மெருகு. அந்த மெருகு வகைகள் சீனாவில் தோன்றி, சொங் அரசர் காலத்திலும் (960–1279) பின்னர் மிங், சிங் காலங்களிலும் முழுமை பெற்றவை. ஆகவே இக்கிண்ணங்களைப் பற்றி ஒரு கேள்வி நூறாண்டுக் காலமாகக் கேட்கப்பட்டு வருகிறது. இவை நகல்களா, படைப்புகளா? இக்கட்டுரை அக்கேள்வியை மெருகின் வேதியியல், கிண்ணத்தின் பயன்பாடு, குயவர்களின் வரலாறு ஆகிய மூன்றின் வழியாக ஆராய்கிறது.

சொல் விளக்கம்

பாண்டத்தின் மீது பூசப்பட்டு, சூளை வெப்பத்தில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சே மெருகு எனப்படுகிறது. கற்பொடி, சாம்பல் அல்லது சுண்ணாம்பு, சிறிதளவு உலோக ஆக்சைடு ஆகியவற்றை நீரில் கரைத்துக் குழம்பாக்குவர். உலர்ந்த கிண்ணத்தை அதில் முக்கி எடுத்துச் சூளையில் வைப்பர். ஓவியர் பூசும் வண்ணத்துக்கும் மெருகுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. பூசும்போது மெருகுக் குழம்பு சாம்பல் நிறமாகவோ மங்கிய செந்நிறமாகவோ இருக்கும். அதன் உண்மை நிறம் சூளைக்குள்தான் பிறக்கிறது.

பீங்கான் என்பது வெண்களிமண்ணும் பீங்கான் கல்லும் சேர்ந்து, ஏறத்தாழ 1300 பாகை செல்சியசு வெப்பத்தில் வெண்மையாக இறுகும் பொருள். மெல்லிய பீங்கானில் ஒளி ஊடுருவும். தட்டினால் மணியோசை எழும். பீங்கான் என்னும் தமிழ்ச்சொல் பாரசீகத்தில் கிண்ணத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. எனவே ‘பீங்கான் கிண்ணம்’ என்னும் தொடர் ஒரே பொருளை இரு மொழிகளில் சொல்வது எனலாம்.

ஒரு பழைய பாண்டத்தை முன்மாதிரியாக வைத்து, அதனிடம் பாடம் கற்பதுபோல் மீண்டும் செய்வதை ஜப்பானியர் ‘உத்சுஷி’ என்பர். ஏமாற்றும் நோக்கமுள்ள போலியிலிருந்து இது வேறுபட்டது. உத்சுஷி செய்பவர் முன்மாதிரியை மறைப்பதில்லை. அதைச் சொல்லியே செய்கிறார்.

வரலாற்றுப் பின்னணி

சீனத் தேநீர்க் கிண்ணங்கள் துறவிகள், வணிகர்கள் வழியே ஜப்பானுக்கு வந்தன. ஃபுஜியன் பகுதியின் ஜியான் சூளைகளில் செய்யப்பட்ட கரிய கிண்ணங்கள் தியான்மு மலையின் பெயரால் ‘தென்மொகு’ என்று வழங்கின. ஜெஜியாங் பகுதியின் லொங்ச்சுவான் சூளைகளிலிருந்து செலடான் எனப்படும் பச்சை மெருகுப் பாண்டங்கள் வந்தன.

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள ‘பகோஹன்’ என்னும் லொங்ச்சுவான் கிண்ணம் இவ்வரலாற்றைச் சுருக்கிச் சொல்கிறது. 15ஆம் நூற்றாண்டில் ஷோகன் அஷிகாகா யோஷிமாசாவிடம் இருந்த இக்கிண்ணத்தில் விரிசல் கண்டது. அதைச் சீனாவுக்கு அனுப்பி, இதுபோல் வேறொன்று தருமாறு அவர் கேட்டதாகவும், அத்தரத்தில் இனிச் செய்ய இயலாது என்று அங்குள்ளோர் விரிசலை உலோகத் தையலால் இணைத்துத் திருப்பி அனுப்பியதாகவும் 1727இல் இதோ தோகாய் எழுதினார். அத்தையல்கள் வெட்டுக்கிளிகளைப்போல் தோன்றியதால் கிண்ணத்துக்கு அப்பெயர் அமைந்தது. கதையின் ஒவ்வொரு விவரமும் நடந்ததா என்பதைவிட, அது காட்டும் மனப்பான்மை முக்கியமானது. முன்மாதிரி எட்ட முடியாத உயரத்தில் இருக்கிறது என்னும் எண்ணத்தோடுதான் ஜப்பானியக் குயவர் தம் வேலையைத் தொடங்கினார்.

அதே லொங்ச்சுவான் பாண்டங்கள் ஆசியக் கடல் வணிகத்தில் பரவலாக விற்ற சரக்கு. ராமநாதபுரம் மாவட்டப் பெரியபட்டினத்தில், தமிழ்க் கல்வெட்டு ஆய்வாளரான ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா பங்கேற்ற ஆய்வில் சீனப் பாண்ட ஓடுகள் கிடைத்தன. அவற்றுள் செலடான் ஓடுகளும் உண்டு. ஓரிடத்தில் உடைந்து மண்ணில் கலந்த பொருள், வேறோரிடத்தில் பெட்டிக்குள் பெட்டி வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டது. மெருகின் மதிப்பு அதன் வேதியியலில் மட்டும் இல்லை என்பதை இது உணர்த்துகிறது.

ஜப்பானில் பீங்கான் செய்யும் தொழில் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியூஷு தீவின் அரிட்டாவில் வேரூன்றியது. தொயொதொமி ஹிதெயோஷியின் கொரியப் படையெடுப்புகளின்போது (1592–1598) கொண்டுவரப்பட்ட கொரியக் குயவர்களே இதற்குக் காரணம். இசுமியாமாவில் பீங்கான் கல்லைக் கண்டறிந்த பெருமை அவர்களுள் ஒருவரான யி சாம்பியொங் என்பவருக்கு மரபாக அளிக்கப்படுகிறது. கியோட்டோவில் ஒகுதா எய்சென் (1753–1811), அவருக்குப் பின் அஒகி மொகுபெய் (1767–1833) ஆகியோர் சீன முறையில் பாண்டங்கள் செய்தனர். இலைத் தேநீர் பருகும் வழக்கம் கற்றோரிடையே பரவியபோது சிறு கிண்ணங்களுக்குத் தேவை பெருகியது.

மெய்ஜி காலத்தில் அறிவியல் உள்ளே வந்தது. ஜெர்மானிய வேதியியலாளர் காட்ஃபிரீட் வாகெனர் 1870இல் அரிட்டாவில் புதிய வேதிப்பொருள்களையும் சூளை முறைகளையும் அறிமுகப்படுத்தினார். யோகோஹாமாவில் தொழில் நடத்திய மகுசு கோசான் (1842–1916), புடைப்புச் சிற்பங்கள் நிறைந்த ஏற்றுமதிப் பாண்டங்களை விட்டுச் சிங் கால மெருகுகளை ஆராயத் தொடங்கினார். 1893இல் மூன்றாம் செய்ஃபு யொஹெய், 1896இல் கோசான் ஆகியோர் பேரரசின் அரண்மனைக் கலைஞர்களாக நியமிக்கப்பட்டனர். குயவர் என்னும் நிலையிலிருந்து கலைஞர் என்னும் நிலைக்கு உயர, சீன மெருகில் பெற்ற தேர்ச்சி இவர்களுக்கு உதவியது.

மெருகு வகைகள்

பச்சை மெருகு: செலடானின் நிறத்துக்குக் காரணம் மிகச் சிறிதளவு இரும்பு. சூளையில் காற்று தாராளமாக இருந்தால் அது மஞ்சள் கலந்த பழுப்பாகும். காற்றைக் குறைத்துப் புகை நிறைந்த நிலையில் சுட்டால் இரும்பு ஒடுக்கமடைந்து பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ மாறும். மெருகுக்குள் சிக்கிய நுண்ணிய குமிழ்களும் துகள்களும் ஒளியைச் சிதறடிப்பதால் பச்சைக்கல் போன்ற ஆழம் தோன்றுகிறது. அந்த ஆழத்துக்கு மெருகு தடிப்பாக இருக்க வேண்டும். பலமுறை பூச வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. மெருகு தடித்தால் கிண்ணத்தின் விளிம்பும் தடிக்கும். உதட்டில் படும்போது முரடாகத் தோன்றும். தென் சொங் அரசுச் சூளைகளின் குயவர் இதைத் தீர்க்க, மண்ணை மிக மெல்லியதாகச் சீவினர். அவர்களுடைய மண் இரும்பு கலந்த கருமண். விளிம்பில் மெருகு வழிந்து மெலியும் இடத்தில் அந்தக் கருமை மெல்லத் தெரியும். இன்றைய குயவர் அதே மெருகை வெண்பீங்கான்மேல் பூசும்போது நிறம் தெளிவாகிறது. ஆனால் அடியிலிருந்து வரும் நிழல் மறைகிறது. பல புதிய செலடான் கிண்ணங்கள் அழகாக இருந்தும் சற்று இனிப்பு மிகுந்தவையாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். குயவர் தவறு செய்யவில்லை, மண் மாறிவிட்டது. இதை உணர்ந்து மண்ணில் இரும்பு சேர்ப்பவர்களின் கிண்ணங்களில் அமைதி கூடுகிறது.

நீலவெண் மெருகு: ஜிங்டேஜென் சூளைகளின் ‘சிங்பாய்’ வகை ஏறத்தாழ நிறமற்றது. மண்ணில் செதுக்கிய கோடுகளில் மெருகு தேங்கும் இடத்தில் மட்டும் இளநீலம் தெரியும். இந்நிறம் வடிவத்தைப் பின்தொடர்கிறது. கோடு ஆழமானால் நீலம் கூடும். கிஃபு பகுதியைச் சேர்ந்த த்சுகமொதொ கைஜி (1912–1990) வெண்பீங்கானிலும் நீலவெண் பீங்கானிலும் பெற்ற தேர்ச்சிக்காக 1983இல் ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று அறிவிக்கப்பட்டார். சீன மெருகு வகைகளுள் பீங்கான் கிண்ணத்தோடு மிக இயல்பாகப் பொருந்துவது இதுவே. மண்ணும் மெருகும் தொடக்கத்திலேயே ஒன்றுக்கொன்று என உருவானவை.

செம்பு மெருகு: செம்பைக் காற்றுக் குறைந்த சூளையில் சுட்டால் குருதிச் சிவப்பு கிடைக்கும். ஆனால் செம்பு ஆவியாகும் இயல்புடையது. வெப்பமோ புகையோ சிறிது பிசகினாலும் நிறம் ஈரல் நிறமாகும், அல்லது வெளுத்துப்போகும். விளிம்பில் மெருகு மெலிந்து வெள்ளைக் கோடாக நிற்பது இதன் இயல்பு. சிவந்த கிண்ணத்தில் உதடு படும் இடம் மட்டும் வெண்மையாக அமைவது தற்செயல் தந்த அழகு.

கரிய மெருகு: ஜியான் கிண்ணங்களின் கருமையில் முயல் மயிர் போன்ற கோடுகளும் எண்ணெய்த்துளி போன்ற புள்ளிகளும் தோன்றுவதற்கு இரும்பே காரணம். இவற்றுள் மிக அரியது நீல ஒளிவட்டங்கள் கொண்ட ‘யோஹென்’ வகை. முழுமையாக எஞ்சிய மூன்று கிண்ணங்கள் ஜப்பானில் உள்ளன. மூன்றும் தேசியப் புதையல்கள். ஜியான் கிண்ணம் உண்மையில் பீங்கான் அன்று. கல்போல் இறுகச் சுட்ட கருமண்பாண்டம். அந்த மண்ணின் இரும்பும் மெருகோடு கலந்தே நிறத்தை உண்டாக்குகிறது. வெண்பீங்கான்மேல் கரிய மெருகைப் பூசினால் இந்த உதவி கிடைப்பதில்லை. எனவே பீங்கானில் செய்யும் தென்மொகு, பெயரால் ஒன்றாயினும் வேறொரு பொருள்.

இஷிகுரோ முனெமாரோ (1893–1968) கரிய மெருகைத் தம் வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். யோஹென் கிண்ணமொன்றைக் கண்டதே அவரைக் குயவராக்கியது. ஜியாங்சி பகுதியின் ஜிஜோ சூளைகளில் கிண்ணத்துக்குள் உண்மை இலையை வைத்துச் சுடும் முறை ஒன்று இருந்தது. அதை அவர் தம் சூளையில் மீட்டெடுத்தார். இலை எரிந்து, அதன் சாம்பல் கரிய மெருகோடு வினைபுரிந்து நரம்போடு கூடிய உருவமாக நிற்கும். 1955இல் இரும்பு மெருகுக்காக அவர் வாழும் தேசியச் செல்வமானார்.

பானமும் நிறமும்

சீனாவில் மெருகின் நிறத்தைத் தீர்மானித்ததில் பானத்துக்கும் பங்கு உண்டு. 8ஆம் நூற்றாண்டில் தேநீர் நூல் எழுதிய லு யூ, யுவே சூளையின் பச்சைக் கிண்ணங்களை வெள்ளைக் கிண்ணங்களுக்கு மேலாக வைத்தார். பச்சைக் கிண்ணத்தில் தேநீர் பசுமையாகத் தெரியும் என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. சொங் காலத்தில் தேயிலைப் பொடியை நுரை பொங்க அடித்துப் பருகினர். வெண்ணுரை எடுத்துத் தெரியக் கரிய கிண்ணம் ஏற்றது என்று காய் சியாங் எழுதினார். மிங் காலத்தில் இலையை வெந்நீரில் ஊறவைக்கும் முறை வந்தபோது தெளிந்த நீரின் நிறத்தைக் காட்ட வெண்கிண்ணம் விரும்பப்பட்டது.

இவ்வரலாறு விமர்சகருக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. மெருகு தனியாக நிற்கும் அழகுப்பொருள் அன்று; பானத்துக்குப் பின்னணி. இன்றைய ஜப்பானியக் கிண்ணம் எதைப் பருகச் செய்யப்பட்டதோ அதை ஊற்றியபின் எப்படித் தோன்றுகிறது என்று பார்க்க வேண்டும். மாச்சா என்னும் பொடித் தேநீரின் அடர்பச்சை கரிய கிண்ணத்தில் உயிர்பெறும். வெளிர் மஞ்சள் கலந்த இலைத் தேநீர் அதே கிண்ணத்தில் காணாமற்போகும். அதற்கு நீலவெண் மெருகே உற்ற துணை. நிறமற்ற சாக்கே செலடான் கிண்ணத்தில் மெருகின் ஆழத்தைக் கூட்டுகிறது. வெளியே செம்பு மெருகும் உள்ளே வெண்மையும் வைக்கும் குயவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார் என்று கொள்ளலாம். உள்ளும் புறமும் ஒரே அடர்நிறத்தைப் பூசி, காட்சிப்பேழையில் வைத்துப் பார்ப்பதற்கென்றே செய்தவர் கேட்கவில்லை.

கவாய் கன்ஜிரோவின் திருப்பம்

நகலா, படைப்பா என்னும் கேள்வியை ஒருவரின் வாழ்க்கையிலேயே காண வேண்டுமானால் கவாய் கன்ஜிரோவை (1890–1966) நோக்கலாம். டோக்கியோ உயர் தொழில்நுட்பப் பள்ளியில் பயின்ற இவர், கியோட்டோ நகராட்சியின் மட்பாண்ட ஆய்வுக்கூடத்தில் ஹமாதா ஷோஜியுடன் பல ஆயிரம் மெருகுச் சோதனைகளைச் செய்தார். 1921இல் நடந்த முதல் கண்காட்சியில் சீன முறைப் பாண்டங்களை வைத்துப் பெரும் புகழ் பெற்றார்.

அப்போது மாற்றுக் குரல் எழுப்பியவர் யனாகி சொயெத்சு. கொரிய மக்களின் எளிய பாண்டங்களில் அழகைக் கண்ட அவர், கவாயின் பாண்டங்களைச் சீனப் பழம்பொருள்களின் நகல்கள் என்று கருதினார். கவாய்க்கும் தம் வேலையில் ஐயம் பிறந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் ஹமாதாவின் வழியே இருவரும் நண்பராயினர். மூவரும் சேர்ந்து ‘மிங்கெய்’ என்னும் மக்கள் கைவினை இயக்கத்தைத் தொடங்கினர். கவாய் தம் பாண்டங்களில் பெயர் பொறிப்பதை விட்டார். பின்னர் வந்த தேசிய விருதுகளையும் மறுத்தார்.

இந்நிகழ்வை ‘நகலை விட்டுப் படைப்புக்கு வந்தார்’ என்று ஒரு வரியில் சுருக்கிச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மையே. கவாயின் பிற்காலப் பாண்டங்களில் செம்பு மெருகும் இரும்பு மெருகும் தொடர்ந்தன. சீனப் பாண்டங்களின் மெல்லிய, சமச்சீர் வடிவத்தைத்தான் அவர் கைவிட்டார். தடித்த, பட்டைபட்டையான, அச்சில் அழுத்திய வடிவங்களின்மேல் அதே செம்பு வேறு குரலில் பேசியது. முதல் பத்தாண்டுகளின் சோதனைகள் இல்லையென்றால் அந்தக் குரல் அவருக்குக் கிடைத்திருக்காது.

யனாகியின் விமர்சனத்திலும் ஒரு குறை உண்டு. சீன அரண்மனைப் பாண்டங்களைப் பின்பற்றுவதை மறுத்த இயக்கம், கொரிய மக்கள் பாண்டங்களை முன்மாதிரியாக ஏற்றது. அவ்வாறெனில் பின்பற்றுதல் குற்றமன்று. எதைப் பின்பற்றுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஆயினும் பயன்பாட்டில் அழகைத் தேட வேண்டும் என்று யனாகி வலியுறுத்தியது கிண்ணத்துக்கு முற்றிலும் பொருந்தும்.

விமர்சனங்கள்

இக்கிண்ணங்களைப் பற்றி இன்று மூன்று குறைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, நிறத்தை மட்டும் துரத்தும் போக்கு. வட சொங் அரண்மனைக்காக ஹெனானில் செய்யப்பட்ட ரு பாண்டங்களில் நூறுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. மழைக்குப்பின் தெளிந்த வானம் என்று புகழப்படும் அந்நிறத்தை எட்டுவதைச் சில குயவர் முழு இலக்காகக் கொள்கின்றனர். நிறம் கிடைத்தவுடன் வேலை முடிந்ததாகக் கருதப்படுகிறது. அடிவளையத்தின் உயரம், விளிம்பின் சாய்வு, கையில் நிற்கும் எடை ஆகியவை கவனிக்கப்படாமல் போகின்றன. நிறத்தை ஒளிப்படம் காட்டும், எடையைக் காட்டாது.

இரண்டாவது, பெயரை விற்பனைச் சீட்டாக்கும் போக்கு. ‘ரு’, ‘தென்மொகு’ முதலிய பெயர்கள் ஒரு சூளையையும் அதன் மண்ணையும் குறிக்கத் தோன்றியவை. இன்று நீலப்பச்சை எல்லாம் ரு, கருமை எல்லாம் தென்மொகு என்று வழங்கப்படுகின்றன. கற்கும் மாணவருக்கு இது குழப்பத்தைத் தருகிறது.

மூன்றாவது, ‘கையால் செய்தது’ என்னும் பெருமையின் பின்னுள்ள மறதி. ஜப்பானியக் கிண்ணம் பெரும்பாலும் ஒரு குயவரின் பெயரோடு, அவர் கையெழுத்திட்ட மரப்பெட்டியில் வருகிறது. அதன் முன்மாதிரியான சீனக் கிண்ணத்தைச் செய்தவரின் பெயர் எங்கும் இல்லை. ஜிங்டேஜெனில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல், ஒரு பாண்டம் எழுபது பேர் கைகளைக் கடந்து உருவாகிறது என்று 1712இல் எழுதினார். அதுவும் கைவினையே. அரிட்டாவின் தொடக்கத்தில் விருப்பமின்றிக் கொண்டுவரப்பட்ட கொரியர்களின் கைகள் இருந்தன. தனிக் கலைஞரின் மேதைமையாக மட்டும் இக்கலையைச் சொன்னால் இந்தக் கைகள் எல்லாம் கதையிலிருந்து நீங்கிவிடும்.

மதிப்பீடு

சீன மெருகைப் பின்பற்றும் ஜப்பானியக் கிண்ணத்தை நகல் என்று ஒதுக்குவது எளிது, ஆனால் பொருந்தாது. மெருகு என்பது எழுதிவைத்த சூத்திரத்தைப் பார்த்துப் பெறக்கூடியது அன்று. மண், கல், விறகு, சூளையின் காற்று ஆகிய அனைத்தும் இடத்துக்கு இடம் மாறுபவை. ஆகவே ஒவ்வொரு குயவரும் பழைய நிறத்தைத் தம் மண்ணில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியுள்ளது. இதயா ஹசான் (1872–1963) மனத்துக்கு நிறைவு தராத பாண்டங்களை வறுமையிலும் உடைத்தெறிந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. நகலெடுப்பவருக்கு முன்மாதிரியோடு ஒத்தால் போதும். ஹசான் உடைத்தவை அவருடைய சொந்த அளவுகோலில் தோற்றவை.

அதே நேரத்தில், கடினமான வேலை என்பதாலேயே ஒரு கிண்ணம் சிறந்த படைப்பாகிவிடாது. முன்மாதிரியின் நிறத்தை எட்டியும், விளிம்பு தடித்து உதட்டை உறுத்தினால் அது நல்ல கிண்ணமன்று. நிறம் முன்மாதிரியிலிருந்து விலகியிருந்தும், ஊற்றிய தேநீர் தெளிவாகத் தெரிந்து, சூடு விரலைச் சுடாமல், அடிவளையம் கைக்குப் பிடிமானம் தந்தால், அந்தக் குயவர் சீன மெருகைச் சரியாகப் புரிந்துகொண்டவர். சொங் குயவரும் தம் காலத்துத் தேநீருக்காகவே அந்த நிறங்களைத் தேடினார்.

அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்கும் மாணவர் கிண்ணத்தைத் தொட முடியாது. ஆயினும் மூன்று இடங்களை உற்றுநோக்கலாம். விளிம்பில் மெருகு எவ்வளவு மெலிகிறது, அடிவளையத்துக்கு மேல் எங்கே நிற்கிறது, மெருகு படாத அடியில் மண் என்ன நிறத்தில் இருக்கிறது என்பவை அவை. மண்ணும் மெருகும் ஒன்றுக்கொன்று இசைந்துள்ளனவா என்பதை இம்மூன்றும் சொல்லிவிடும். கண்ணாடிப் பேழையருகே உள்ள பெயர்ச்சீட்டை அதன்பின் படித்தால் போதும்.